கோயில் நன்கொடைக்கு ரசீது தர மறுக்கிறார்கள்: யாரிடம் முறையிடுவது?

வணக்கம் ஐயா. கும்பாபிஷேகத்துக்கு ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்டால், "இது பதிவு செய்த தனி அறக்கட்டளை, அறநிலையத் துறை தலையிட முடியாது" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பிப் பின்வாங்காதீர்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்ததாலேயே ஊர்க்கோயில் தனியார் சொத்தாகிவிடாது. தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி, இந்துக்கள் உரிமையோடு பொது வழிபாட்டுக்குப் பயன்படுத்தும் இடம் அந்தச் சட்டத்துக்குள் வரும் கோயில்தான். தலைக்கட்டு வரி, உண்டியல், எல்லோருக்கும் திறந்த சந்நிதி எல்லாம் அதற்குச் சான்றுகள். தகராறு வந்தால் 63ஆம் பிரிவின்கீழ் அறநிலையத் துறை இணை ஆணையர் விசாரித்து முடிவு செய்வார்.

நன்கொடை கேட்டு அச்சடித்த நோட்டீஸ் கையில் இருக்கிறதா? அடியில் 'ஊர்ப் பொதுமக்கள்' என்று போட்டிருந்தால் அது பொன்னான ஆதாரம். பணம் எடுத்த நாளின் பாஸ்புக் பக்கத்தையும் நகலெடுங்கள். ரசீது கிடைக்காத மற்றவர்களையும் சேர்த்துக் கையெழுத்திட்டு, உங்கள் மாவட்ட அறநிலையத் துறை உதவி ஆணையருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். தனி மனுவைவிடக் கூட்டு மனுவுக்கு வலு அதிகம்.

அறநிலையச் சட்டத்துக்குள் வராத பொது அறக்கட்டளை என்று தெரியவந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இருக்கிறது. அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு கணக்குக் கேட்டு வழக்குத் தொடரலாம். அதற்கு வழக்கறிஞர் வேண்டும், மனுவுக்கு வேண்டியதில்லை.