மலையில் செங்கல் அறுக்கலாமா? – கேள்வி பதில்

பழனி மலைப் பகுதியில் வீடு கட்டுவோர் கேட்டவற்றுக்கு, செங்கல் தொழிலில் நெடுநாள் பழகிய ஒருவர் அளித்த விடைகள்.

பண்ணைக்காடு: தோட்டத்து மண்ணிலேயே கல் அறுத்துக்கொள்ள முடியுமா ஐயா?

மேலே உள்ள கறுப்பு மண்ணை முழுவதும் வழித்துவிடுங்கள். அதிலுள்ள வேரும் மக்கும் சூளையில் எரிந்து கல்லினுள் பொத்தல் விழும். அடிமண்ணைக் கண்ணாடிப் புட்டியில் பாதியளவு போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வைத்தால், மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயும் படியும். களி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. மிகுந்தால் மணல் சேர்க்க வேண்டும். செங்கல் மண் சட்டப்படி சிறு கனிமம் என்பதால், தோண்டும் முன் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பூம்பாறை: அறுத்த கல் காயும்போதே விரிசல் விடுகிறது. வெயில் போதவில்லையா?

வெயில் குறைவு என்பதைவிட, கல் ஒரே சீராகக் காயவில்லை என்பதே காரணம். அச்சில் மணல் தூவி, மிதித்துப் பதப்படுத்திய மண்ணை மூலைகள் நிரம்ப ஓங்கி அடித்து, மேற்புறத்தை வழித்துத் தரையில் கவிழ்த்த கல்லை, கட்டைவிரலால் அழுத்தினால் தடம் பதியாத பதம் வந்ததும் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் மேல்முகம் வெளுத்துச் சுருங்கும். தரையைத் தொட்ட முகமோ ஈரமாகவே இருக்கும். இந்த இழுபறியில் கல் பிளந்துவிடும். காலையில் காற்றும் பிற்பகலில் மூடுபனியுமாக மாறி மாறி வரும் உங்கள் ஊரில், நாற்புறமும் திறந்த கொட்டகையில் விரல் நுழையும் இடைவெளி விட்டு அடுக்கிக் காயவைப்பதே சரி. இரண்டு வாரமானாலும் அவசரப்பட வேண்டாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுந்தால், பச்சைக் கல்லில் தங்கிய நீர் உறைந்து 9 சதவீதம் அளவுக்குப் பருத்து ஓரங்களை உதிர்த்துவிடும். மேல்மலைக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்களே உகந்தவை என்பது என் கருத்து.

தாண்டிக்குடி: சூளையும் இங்கேயே போடலாமா?

நான் பரிந்துரைக்க மாட்டேன். கல் வேக 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடு பல நாள் நிற்க வேண்டும். அதற்கான விறகுக்குச் சோலைக்காட்டின் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவே கூடாது. தொடக்கத்தில் தீயை மெல்ல ஏற்றி எஞ்சிய ஈரத்தை ஆவியாக்க வேண்டும். ஆறும்போதும் அதே நிதானம் தேவை. 573 டிகிரியில் மண்ணிலுள்ள படிகக்கல் மணல் தன் அமைப்பை மாற்றிச் சுருங்குவதால், அந்த நேரத்தில் சாரல் அடித்தால் வெந்த கல்லும் வெடிக்கும்.

கூக்கால்: உள்சுவருக்குச் சுடாத கல் போதுமா?

போதும். அடித்தளத்தைக் கருங்கல்லில் உயர்த்தி, கூரையை வெளியே நன்றாக நீட்டிவிடுங்கள்.

பெரும்பாறை: வத்தலக்குண்டு வழியாக வரும் லோடு கல்லை எப்படிச் சோதிப்பது?

இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. உலர்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் எடை போடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் வாங்காதீர்கள். ஒன்றை உடைத்தும் பாருங்கள்: நடுவில் கருத்திருந்தால் உள்ளே காற்று போதாமல் வெந்தது, அதைச் சுமை தாங்காத இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வெள்ளைப் பொட்டுகள் இருந்தால் அது சுக்கான், அதாவது மண்ணில் கலந்திருந்த சுண்ணாம்புக் கல். சூளையில் சுட்ட சுண்ணாம்பாகி, நம் மழையில் ஈரம் குடித்துப் பருத்து, பூச்சோடு சேர்த்துப் பெயர்ந்து விழும். அந்த லோடை இறக்காமலே திருப்பி அனுப்பிவிடுங்கள்.