கோட்டை ஒன்று, பக்கங்கள் பல

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகளுக்காக வேலூர்க் கோட்டையைப் பற்றி 16 பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் செய்கிறேன். கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லாடெக்கில், அதற்குள் படம் வரையும் டிக்ஸ் வைத்துப் படம். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பக்கம்: விஜயநகரக் காலம், 1799, 1806, 1846, 1981. பக்கம் திருப்பத் திருப்பக் கோட்டை வளர வேண்டும். முதல் படத்தின் கட்டளை வரிகளைக் காப்பி செய்து ஒட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் சில வரிகள் கூட்டிக்கொண்டு போனேன். படம் பக்கத்துக்குப் பக்கம் நகர்கிறது. அகழியின் நீலம் மூலைகளில் மட்டும் அடர்த்தியாகிறது. நடுவில் இரண்டு பக்கமும் சேர்த்துக் கோட்டை விரிய வேண்டும்; அதுவும் வரவில்லை. பேசாமல், கட்டளை எழுதாமல் திரையிலேயே பக்கம் அமைக்கும் இன்டிசைனுக்குப் போய்விடலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

போக வேண்டாம். உங்கள் புத்தகத்துக்கு டிக்ஸ்தான் சரி. நீங்கள் அனுப்பிய பிடிஎஃப்பை விரித்துப் பார்த்ததும் கண்ணில் பட்டது ஒன்று: 1806 பக்கத்தில் புனித ஜான் தேவாலயம் நிற்கிறது. அது கட்டப்பட்டது 1846-இல். காப்பி செய்து ஒட்டும்போது 1846-க்கான வரிகள் இந்தப் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கவனக்குறைவு என்று இதைச் சொல்ல மாட்டேன். ஒரே படம் ஐந்து இடத்தில் இருந்தால் ஐந்தையும் யாராலும் ஒன்றுபோலக் காப்பாற்ற முடியாது.

படத்தை ஒரே ஒரு முறை எழுதுங்கள். ஒரு மேக்ரோ, அதாவது பெயர் வைத்துத் திரும்பத் திரும்ப அழைக்கும் கட்டளைத் தொகுப்பு; அதற்கு ஒரே உள்ளீடு, ஆண்டு. படத்தில் காலத்துக்குக் காலம் கூடும் அடுக்குகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வைக்காமல் ஆண்டையே எண்ணாக வையுங்கள். உள்ளே எண்களை ஒப்பிடும் 'இஃப்நம்' கட்டளை போட்டு, வந்த ஆண்டு 1845-ஐவிடப் பெரிதாக இருந்தால் தேவாலயத்தை வரை என்று எழுதினால் போதும். 1806 பக்கம் தானாகச் சரியாகிவிடும். இதில் இன்னொரு பெரிய வசதி, அடுக்கு ஏறுவதோடு இறங்கவும் செய்யும். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் ஏற்றிய மைசூர்ப் புலிக்கொடி அந்த ஒரு பக்கத்தில் மட்டும் பறக்க வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலை, சுவாமி இல்லாத 1799, 1806, 1846 பக்கங்களில் வெறும் கோட்டுருவமாக விடுங்கள். 1981-இல் சுவாமி திரும்ப எழுந்தருளியதும் நிறம் நிரம்பட்டும். ஒரு வார்த்தை எழுதாமலே பிள்ளைகளுக்கு விஷயம் போய்ச் சேரும்.

படம் நகர்வதற்குக் காரணம் அதன் எல்லை. வரைந்தவை எவ்வளவு இடம் பிடிக்கின்றனவோ அதையே படத்தின் அளவாக டிக்ஸ் எடுத்துக்கொள்கிறது. மதிலுக்கு வெளியே ஒரு பெயர் எழுதினால் எல்லை விரியும், நடுப்படுத்திய படம் தள்ளிப்போகும். மேக்ரோவின் முதல் வரியில் ஒரு செவ்வகத்தை 'யூஸ் ஆஸ் பவுண்டிங் பாக்ஸ்' என்று அறிவித்துவிடுங்கள். அதற்குப் பிறகு என்ன வரைந்தாலும் அளவு மாறாது.

அகழியை நான்கு பட்டைகளாகப் பாதி ஒளிபுகும் நீலத்தில் வரைந்திருக்கிறீர்கள். மூலையில் இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் நீலம் இரட்டிப்பாகிறது. வெளிக்கரை, உள்கரை இரண்டையும் ஒரே பாதையாக எழுதி, 'ஈவன் ஆட் ரூல்' சேர்த்து ஒரே தடவை நிரப்புங்கள். இடையில் உள்ள வளையம் மட்டும் நிறம் பெறும்.

எது மேலே, எது கீழே என்பது பெரும்பாலும் எழுதும் வரிசைதான். பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை மறைக்கும். பின்னால் எழுதியே தீர வேண்டிய ஒன்று அடியில் போக வேண்டுமானால்தான் லேயர்களை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றான தளங்களை, பட்டியலிட்டு அறிவிக்கும் வேலை. அந்தப் பட்டியல் கீழிருந்து மேலாகப் போகும். அதில் வழக்கமான தளமான 'மெயின்' விடுபடக்கூடாது. ஒரு படத்தின் லேயர் அந்தப் படத்தோடு முடிந்துவிடும், அடுத்த பக்கத்துக்குக் கைநீட்டாது.

பெயர்ப் பலகைகளையும் பாருங்கள். 'அகழி'யில் ழ கீழே இறங்குகிறது, 'மதில்' இறங்கவில்லை. டிக்ஸ் இரண்டையும் நடுப்புள்ளி பார்த்து வைப்பதால் எழுத்து வரிசை ஏறி இறங்கித் தெரிகிறது. எழுத்தின் எந்த இடம் புள்ளியில் உட்கார வேண்டும் என்று சொல்லும் 'ஆங்கர்' மதிப்பை 'பேஸ்', அதாவது எழுத்தின் அடிக்கோடு, ஆக்குங்கள். தமிழ்ப் படங்களில் இதைக் கவனிக்கிறவர்கள் குறைவு, கவனித்தால் பக்கமே தெளிவாகிவிடும்.

இனி நடுப்பக்கம். ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்கு ஓடும் கோடு என்று, லாடெக்குக்கு அடியில் ஓடும் டெக்கில் எதுவும் இல்லை. ஒரு பக்கத்தைக் கட்டி அனுப்பிய பிறகுதான் அடுத்தது. ஆகவே இரண்டு பக்க அகலத்துக்கு ஒரே படம். அதை இரண்டு பக்கத்திலும் முழுசாக வரைந்துவிட வேண்டும். இடப்பக்கத்தில் முழுப் பக்கத்தையும் குறிக்கும் 'கரண்ட் பேஜ்' என்ற சட்டத்தின் இடது கீழ் மூலையிலிருந்து வரையுங்கள். வலப்பக்கத்தில் அதே படத்தை ஒரு பக்க அகலம் இடதுபுறம் தள்ளுங்கள். பக்கத்தைத் தாண்டியது தாளில் விழாது. இதற்குப் படத்தின் தொடக்கத்தில் 'ரிமெம்பர் பிக்சர்', 'ஓவர்லே' என்ற இரண்டு குறிப்புகளும் வேண்டும். முதல் கம்பைலில், அதாவது லாடெக்கை முதல் தடவை ஓட்டும்போது, இடங்கள் ஆக்ஸ் என்ற துணை ஃபைலில் எழுதப்படும், இரண்டாவதில்தான் படம் தன் இடத்தில் உட்காரும். ஒரு தடவை ஓட்டிவிட்டு வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இந்தப் படத்தை உரைக்குள் வைக்காமல் பக்கம் வெளியே போகும் நேரத்தில் ஓடும் 'ஷிப்அவுட் பேக்கிரவுண்ட்' ஹூக்கில் வையுங்கள். 2020 அக்டோபர் முதல் லாடெக்கிலேயே இருக்கிறது. எழுத்துக்கு அடியில் படம் போகும். பக்க எண்ணையும் அங்கே கேட்பதுதான் சரி. டெக் பத்தியை முழுதாகப் படித்த பிறகே பக்கத்தை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்கிறது. உரைக்குள் கேட்டால் சில சமயம் முந்தைய பக்கத்தின் எண் வரும்.

விரியும் படத்தை 8, 9-இல் வையுங்கள். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் 16 பக்கப் புத்தகத்தில் அந்த இரண்டும் ஒரே தாளின் ஒரே முகம், மதில் கோடு உடையாமல் ஓடும். 6, 7 என்றால் இரண்டு வேறு தாள்கள். மடிப்பு கொஞ்சம் பிசகினாலும் மதில் விட்டுப்போகும். கோயில் கோபுரமும் பெயர்களும் மடிப்பின் மேல் விழாமல் ஒரு சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும். ஓரம் வரை நிறம் போவதால் வெட்டுக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு பிரஸ்ஸுக்குக் கொடுங்கள்.