வெல்டிங் ஆர்க் (ராடுக்கும் இரும்புக்கும் நடுவே மின்சாரம் பாயும் சூடான வாயு) கதிர்வீச்சாக இழக்கும் வெப்பத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? வெப்பநிலையை வைத்து ஒரு பொருள் வீசும் ஆற்றலைச் சொல்லும் ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதி போதாதா?

போதாது. போட்டுத்தான் பாருங்களேன். 10,000 கெல்வினில், 5 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. நீளமும் உள்ள ஆர்க்கைக் கரும்பொருள் (விழும் ஒளியையெல்லாம் விழுங்கி, தன் வெப்பநிலைக்கு முடிந்த உச்ச அளவு உமிழும் பொருள்) என்று வைத்துக்கொண்டால், பக்கப் பரப்பிலிருந்து மட்டும் 44 கிலோவாட் வெளியேற வேண்டும். ராமேஸ்வரம் பக்கத்தில் எங்கள் மண்டபம் ஊர்க் கரையில், மீன்பிடித் தடைக்காலத்தில் மேலே ஏற்றி வைத்த விசைப்படகுக்கு அடியில் குந்தி வெல்டிங் வைப்பவரின் செட் கொடுப்பதோ 120 ஆம்பியர், 25 வோல்ட். மொத்தமே 3 கிலோவாட். அதிலும் பெரும்பகுதி ராடுக்கும் இரும்புக்கும் போய்விடுகிறது.

ஆர்க் கரும்பொருள் இல்லை என்பதுதான் விஷயம். பெரும்பாலான அலைநீளங்களில் அதற்குள் பிறக்கும் ஒளி தடையில்லாமல் வெளியே வந்துவிடும். சில நிறமாலைக் கோடுகளில் (அணுக்கள் வலுவாக உமிழ்ந்து உட்கவரும் குறிப்பிட்ட அலைநீளங்களில்) மட்டும் நடுவில் பிறந்த ஒளியை ஓரத்து வாயுவே விழுங்கிவிடும். உட்கவரும் திறன் ஒரு அலைநீளத்துக்கும் அடுத்ததற்கும் பல்லாயிரம் மடங்கு மாறும். முறைப்படி செய்வதென்றால் ஒவ்வொரு அலைநீளத்துக்கும், ஒவ்வொரு திசையிலும், வழியில் எவ்வளவு சேர்கிறது, எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். அலைநீளங்களே லட்சக்கணக்கில் வரும். வாயு ஓட்டத்தோடு சேர்த்து இதைத் தீர்க்க யாருக்கும் பொறுமை கிடையாது, கணினிக்கும்தான்.

அதனால் ஒரு குறுக்கு வழி. 1974-ல் லோக் (Lowke) என்ற ஆய்வாளர் முன்வைத்த நிகர உமிழ்வுக் கெழு. ஒரே வெப்பநிலையில் உள்ள ஒரு வாயு உருளையைக் கற்பனை செய்து, அதன் நடுவில் உமிழ்வதிலிருந்து அங்கேயே உட்கவரப்படுவதைக் கழித்துவிடுவது. வெப்பநிலை, அழுத்தம், ஆரம் மூன்றும் தெரிந்தால் அட்டவணையில் ஒரு எண் கிடைக்கும். அதை ஆற்றல் சமன்பாட்டில் இழப்பாகச் சேர்த்தால் வேலை முடிந்தது. ஆர்க்கின் மையத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். ஓரத்தில்தான் சொதப்பும். அங்கே வாயு தான் உமிழ்வதைவிட அதிகமாக விழுங்குகிறது, அதாவது கதிர்வீச்சு அதைச் சூடாக்குகிறது. இழப்பை மட்டுமே காட்டும் கெழுவால் அதைச் சொல்ல முடியாது.

மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது உள்ளே ஆர்க் எழும் உயர் மின்னழுத்த சர்க்யூட் பிரேக்கர் மாதிரி இடங்களில் இந்த ஓரம்தான் முக்கியம். ஆர்க்கின் கதிர்வீச்சு தன்னைச் சுற்றியுள்ள டெஃப்ளான் குழாயை (நாசில்) ஆவியாக்கி உள்ளே அழுத்தத்தை ஏற்றுகிறது. அங்கே நிறமாலையைச் சில பட்டைகளாகப் பிரித்து, பி-1 முறையிலோ (கதிர்வீச்சு எல்லாத் திசையிலும் ஏறக்குறைய சமம் என்று எளிமையாக்குவது), எல்லாத் திசைகளுக்கும் பதில் குறிப்பிட்ட சில திசைகளை மட்டும் எடுக்கும் முறையிலோதான் போக வேண்டும். பட்டைக்குள் சராசரி எடுப்பதிலும் சிக்கல் உண்டு. பிளாங்க் சராசரியை (கரும்பொருள் உமிழ்வின் அளவுக்கேற்ப ஒவ்வொரு அலைநீளத்துக்கும் எடை கொடுப்பது) அப்படியே போட்டால், வலுவான கோடுகள் உட்கவர்தலை ஊதிப் பெரிதாக்கிவிடும்.

அப்புறம் இரும்பு ஆவி. என் அபிப்பிராயத்தில், எந்த முறை என்று சண்டை போடுவதைவிட இதைச் சேர்த்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. இரும்புக்கு நிறமாலைக் கோடுகள் ஏராளம். வாயுவில் சில சதவீதம் கலந்தாலே கதிர்வீச்சு பல மடங்காகி, ஆர்க்கின் நடுப்பகுதி குளிர்ந்துவிடும். சுத்த ஆர்கான் அட்டவணையை வைத்து ராடு வெல்டிங்கைக் கணக்கிட்டு, வெப்பநிலை ஏன் எகிறுகிறது என்று கேட்பவர்கள் நிறைய.

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தூக்கி அடித்தாலும் வெல்டர் கழுத்து சிவந்துவிடுகிறதே, அது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். காற்று சூட்டைத்தான் அள்ளிப் போகும், ஒளியை இல்லை. 200 நானோமீட்டருக்குக் குறைவான புற ஊதாவைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் பிடித்துக்கொண்டு ஓசோனாகிறது. வெல்டிங் பக்கத்தில் வரும் காரமான வாசனையில் அதுவும் உண்டு. அதற்கு மேல் 400 வரை உள்ளது நேரே தோலுக்கும் கண்ணுக்கும் வருகிறது. ராத்திரி மணல் விழுந்தது போலக் கண் உறுத்துவது அதனால்தான். 120 ஆம்பியருக்கு முகமூடியில் 10-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லுங்கள்.