நுகர்வோர் கேள்வி-பதில்: மருத்துவச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. 63 வயதான என் அம்மாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மாதம் ஒரு முறை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதால் அன்றைய கூலி போய்விடுகிறது. ஒரு மருத்துவச் செயலியில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கட்டினால் எத்தனை முறை வேண்டுமானாலும் காணொளியில் மருத்துவரிடம் பேசலாம் என்கிறார்கள். இன்றைக்குள் சேர்ந்தால்தான் இந்த விலை என்று தினமும் செய்தி வருகிறது. கட்டலாமா?

ஆண்டுச் சந்தாவை இப்போது கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான கணக்கை உங்கள் கடிதத்தில் இருப்பதோடு சில உத்தேசத் தொகைகளையும் வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் ஒரு நாள் கூலி 800 ரூபாய், ஆட்டோவுக்குப் போக வர 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000 ரூபாய் ஆகிறது. அதோடு ஒப்பிடும்போது 6,000 ரூபாய்ச் சந்தா பாதி விலைக்குக் கிடைப்பதுபோல் தெரியும். ஆனால் அரசு மருத்துவமனையில் உங்கள் அம்மா மருத்துவரைப் பார்ப்பதோடு மாத்திரைகளையும் காசில்லாமல் வாங்கி வருகிறார். செயலியில் பேசும் மருத்துவர் மருந்துச் சீட்டு மட்டுமே அனுப்புவார். மாத்திரையைக் கடையில்தான் வாங்க வேண்டும். அது மாதம் 600 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 7,200. சந்தாவோடு சேர்த்தால் 13,200 ரூபாய். கூலியை மிச்சப்படுத்தப் போய், இப்போது ஆவதைவிட 1,200 ரூபாய் கூடுதலாகச் செலவழித்திருப்பீர்கள். ஏற்கெனவே கடையில் மருந்து வாங்கி, தனியார் மருத்துவருக்குக் கட்டணமும் கொடுத்து வரும் ஒரு குடும்பத்துக்கு இதே சந்தா இலாபமாக இருக்கக்கூடும். ஆகவே ஒரு சேவையின் மதிப்பு அதன் விலையில் மட்டும் இல்லை. அது வருவதற்கு முன் அந்தக் குடும்பம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது கூலியை இழக்காத ஒரு வழி. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து அளவுகளைப் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பழைய சீட்டுகளைக் காட்டி, இதில் சேர்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். காணொளியில் மருத்துவரிடம் பேசுவதுதான் தேவை என்றால், ஒன்றிய அரசின் இ-சஞ்சீவனி சேவையில் கட்டணமின்றிப் பேசலாம். இந்த இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகும் ஏதேனும் குறை தெரிந்தால், அந்தக் குறைக்கு மட்டும் காசு கொடுப்பதில் தவறில்லை.

அப்படிக் கொடுக்க நேர்ந்தாலும் ஆண்டு முழுவதற்கும் ஒரே தவணையில் கட்டாமல் மாதக் கணக்கில் மூன்று மாதம் கட்டிப் பாருங்கள். மூன்று மாதம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹெச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை ஏறத்தாழ முந்தைய இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது. சேரும் வாரத்தில் அந்தப் பரிசோதனையை ஒரு முறை செய்து, ஒரு வாரம் காலையிலும் இரவிலும் இரத்த அழுத்தத்தை எடுத்து நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வையுங்கள். மேற்கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் கருவியே இதற்கு ஏற்றது. மூன்று மாதம் கழித்து இரண்டையும் திரும்பச் செய்யுங்கள். அத்துடன் அம்மா எத்தனை நாள் மாத்திரையைத் தவறவிட்டார், நீங்கள் எத்தனை நாள் வேலையை விட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். இந்த நான்கில் ஒன்றுகூட மாறவில்லை என்றால், செயலி எத்தனை அழகாக இருந்தாலும், மருத்துவர் எத்தனை கனிவாகப் பேசினாலும், அந்தச் சேவை உங்கள் வீட்டில் வெற்றி பெறவில்லை.

கணக்கில் அடங்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். என் தந்தை ராயபுரத்தில் இருந்த காலத்தில் மூன்று மாதம் தொடர்ந்து காணொளியிலேயே மருத்துவரைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் எண்களைப் படித்துக் காட்டினோம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற பதிலும் வந்தது. கால் விரல் இடுக்கில் ஒரு புண் இருந்ததை யாரும் கேட்கவில்லை. உணர்ச்சி மரத்த கால் என்பதால் அப்பாவும் சொல்லவில்லை. நான்காவது மாதம் வேறொரு காரணத்துக்காக நேரில் சென்றபோது ஒரு செவிலியர்தான் அதைக் கண்டுபிடித்தார். விரலைக் காப்பாற்றிவிட்டார்கள் என்றாலும், அந்த வாரங்களை நான் மறக்கவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால், கண்ணின் விழித்திரை, சிறுநீரகம் ஆகிய மூன்றையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் சோதிக்க வேண்டும். எந்தச் சந்தா கட்டினாலும் ஸ்டான்லிக்குப் போகும் அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள்.

மருத்துவர் யார் என்பதையும் பாருங்கள். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே இவ்வாறு ஆலோசனை சொல்லலாம். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு தானாகவே நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. பெயரும் பதிவு எண்ணும் இல்லாத சீட்டு வந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் என்றால் செயலியைத் திறக்காமல் 108-ஐ அழையுங்கள்.

‘இன்றைக்குள்’ என்ற செய்தி தினமும் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொய்யாக அவசரம் காட்டி விற்பது தடை செய்யப்பட்ட வணிக முறை. அந்தச் செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி: வியாசர்பாடியில் ஒரு கடையில் 3,500 ரூபாய்க்குக் கைக்கடிகாரம் விற்கிறார்கள். ஊசி குத்தாமலே சர்க்கரை அளவைக் காட்டுமாம். என் மனைவி இன்சுலின் போடுகிறாள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே இரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரி 21 அன்று மக்களை எச்சரித்தது. தவறான எண்ணை நம்பிக் கூடுதல் இன்சுலின் போட்டால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் பட்டை இதிலிருந்து வேறானது. அதன் மெல்லிய இழை தோலுக்கு அடியில் செல்கிறது.

விரலில் குத்திப் பார்க்கும் கருவியே உங்களுக்குப் போதும். அதற்கான 2013-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரம், ஆய்வகத்தில் 200 என்று வரும் இரத்தத்துக்குக் கருவி 170 முதல் 230 வரை காட்டுவதை ஏற்கிறது. ஆய்வகத்துக்கு இரத்தம் கொடுக்கப் போகும் நாளில் கருவியையும் எடுத்துச் சென்று, அதே வேளையில் விரலிலும் குத்திப் பாருங்கள். வாங்கும்போது கருவியின் விலையைவிட அதில் செருகும் பட்டையின் விலையைக் கேளுங்கள், ஏனெனில் மாதாமாதம் செலவு வைப்பது பட்டைதான்.

கேள்வி: திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். ஒரு உடல்நலச் செயலியில் ஒரு ரூபாய் கட்டி ஏழு நாள் சோதனைக்குச் சேர்ந்தேன். பிடிக்காததால் செயலியை நீக்கிவிட்டேன். பிறகு கணக்கிலிருந்து 2,499 ரூபாய் எடுத்துக்கொண்டார்கள். திரும்பக் கிடைக்குமா?

செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினாலும், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுத்த ஆட்டோபே அனுமதி வங்கியில் அப்படியே இருக்கும். அந்த ஒரு ரூபாயைக் கட்டும்போதே அந்த அனுமதியையும் பெற்றிருப்பார்கள். முதலில், பணம் அனுப்பும் செயலியில் ஆட்டோபே பகுதிக்குச் சென்று அதை ரத்து செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த தவணையும் போகும்.

பிறகு குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள். இவ்வாறு தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வரவில்லை என்றால் அதையே முதல் புகாராக வங்கிக்கு எழுதுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் சந்தாப் பொறி, 2023 நவம்பர் 30 அன்று வெளியான ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்கள் தடை செய்த 13 ஏமாற்று முறைகளில் ஒன்று என்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

தீர்வு வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் குருகிராமில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரும் உரிமையை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்திருக்கிறது. சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டுகள்.

கேள்வி: பெரம்பூரில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு நிறுவனம், எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்துத் தன் சர்க்கரைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை வாங்கும்படி சொல்கிறது. பல இலட்சம் பேர் பதிவிறக்கியதாகவும், சேர்ந்தவர்களுக்குச் சர்க்கரை குறைந்ததாகவும் வரைபடம் காட்டுகிறார்கள். இதை எப்படி மதிப்பிடுவது?

கையெழுத்திடும் முன் கேட்டீர்களே, மிகவும் மகிழ்ச்சி. பதிவிறக்க எண்ணிக்கையை ஒதுக்கிவிடுங்கள், அது விளம்பரத்தின் வெற்றியை மட்டுமே காட்டும். வரைபடத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் போதும்.

முதலாவது, அது யாருடைய வரைபடம்? 1,000 பேர் சேர்ந்து, 300 பேர் மட்டும் கடைசிவரை இருந்து, அந்த 300 பேரின் சராசரியை வரைந்திருந்தால், விலகிய 700 பேருக்கு என்ன ஆனது என்பது அதில் இருக்காது. ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காக நடப்பவர்கள்தான் பெரும்பாலும் கடைசிவரை நிற்பார்கள். அவர்களுக்குச் செயலி இல்லாமலும் குறைந்திருக்கக்கூடும். சேர்ந்த எல்லாரையும் வைத்துக் கணக்குக் காட்டும்படி கேளுங்கள்.

இரண்டாவது, சேராதவர்களுக்கு என்ன ஆனது? மனிதர்கள் இப்படிப்பட்ட திட்டத்தில் சேர்வது பெரும்பாலும் சர்க்கரை மிக ஏறி, பயந்துபோன வேளையில்தான். உச்சத்தில் இருந்த அளவு அடுத்த முறை பார்க்கும்போது ஓரளவு தானாகவே இறங்குவது இயல்பு. மருத்துவரும் அதற்குள் மருந்தைக் கூட்டியிருப்பார். அந்த இறக்கம் முழுவதையும் செயலியின் பெயரில் எழுதிக்கொள்வது எளிது. இதே நிலையில் இருந்தும் சேராத ஒரு குழுவோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். இது அதிகப்படியான எதிர்பார்ப்பு அன்று. ஜெர்மனி 2019-இல் இயற்றிய சட்டத்தின்படி, அங்கே காப்பீட்டின் செலவில் மருத்துவர் பரிந்துரைக்கும் செயலிகள் நோயாளிக்கு நன்மை செய்வதை நிரூபித்தாக வேண்டும். நிரூபணம் இல்லாமல் தற்காலிகமாகப் பட்டியலில் சேர்ந்தவற்றுக்குப் பொதுவாக 12 மாதக் கெடு உண்டு.

நிறுவனம் நிலைக்குமா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் மருந்தைப் போல் மருத்துவர் எழுதித் தரும், அரசு அனுமதி பெற்ற செயலிகளை உருவாக்கிய பியர் தெரபியூட்டிக்ஸ் 2023 ஏப்ரலில் திவாலானது. பிரிட்டனில் பெரிதாகப் பேசப்பட்ட பாபிலோன் ஹெல்த் அதே ஆண்டு ஆகஸ்டில் நொடித்துப்போனது. ஆகவே ஆண்டுத் தொகையை முன்பணமாகக் கொடுக்காமல் காலாண்டுக்கு ஒரு முறை கொடுங்கள். உறுப்பினர்களின் பரிசோதனை விவரங்களை அவர்கள் கேட்கும்போது முழுமையாகத் திருப்பித் தரவும், விலகினால் அழிக்கவும், மருந்து நிறுவனத்துக்கோ காப்பீட்டு முகவருக்கோ கொடுக்காமலிருக்கவும் ஒப்பந்தத்தில் எழுத்து வேண்டும்.

முதலில் 30 பேரோடு மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். அந்த 30 பேரில் சொந்தக் கைப்பேசி இல்லாத மூதாட்டிகளும், மகன் வேலையிலிருந்து வந்த பிறகே கைப்பேசியைத் தொட முடிகிற பெற்றோரும், ஆங்கிலத்தில் வரும் செய்தியைப் படிக்க முடியாதவர்களும் கட்டாயம் இருக்க வேண்டும். சர்க்கரையால் அதிகம் துன்பப்படுபவர்கள் அவர்களாக இருந்து, அவர்களால் அதைத் திறக்கவே முடியவில்லை என்றால், மற்றவர்களின் சராசரி எத்தனை நன்றாக வந்தாலும் சங்கத்தின் பொதுப் பணத்தை அதற்குச் செலவழிப்பது நியாயமில்லை. அந்தத் தொகையில் மாதம் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் ஒரு செவிலியரை அமர்த்தி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஒவ்வொருவரின் காலையும் சோதிக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்து, இரண்டு தொகைகளையும் அடுத்த பொதுக்குழுவில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.