ஒன்பதாம் ரேபிட்டை நடந்து கடக்கலாமா?

அன்புள்ள ஐயா,

லுசாகாவில் வேலை பார்க்கிறேன். வருகிற அக்டோபரில் நண்பர்கள் நான்கு பேர் விக்டோரியா அருவிக்குக் கீழே ஜாம்பசி ஆற்றில் கயாக் என்ற சிறுபடகு ஓட்டப் போகிறோம். மற்ற மூவரும் தேர்ந்தவர்கள். கவிழ்ந்தால் படகோடு நிமிரும் ரோல் எனக்கு வரும், ஆனால் பெரிய அலையில் சில நேரம் கைகொடுப்பதில்லை. ரேபிட் என்ற சீறிப்பாயும் நீர்ப்பகுதிகளில் 9ஆவதை வீடியோவில் பார்த்தாலே வயிறு கலங்குகிறது. “ஜாம்பசி வரைக்கும் போய்விட்டு ஒன்பதைக் கரையோரம் நடந்து கடந்தேன் என்று வெளியில் சொல்ல முடியுமா?” என்கிறான் ஒரு நண்பன். அணை கட்டப்போகிறார்கள், இப்போது விட்டால் பிறகு கிடைக்காது என்றும் சொல்கிறான். இவர்களுக்கு நான் பாரமாகிவிடுவேனோ? போகலாமா, வேண்டாமா?

எஸ்., லுசாகா

அன்புள்ள எஸ்.,

போங்கள். கவிழ்ந்தால் நிமிரத் தெரிந்த, நீந்த அஞ்சாத ஒருவருக்கு ஜாம்பசி ஓரளவு இரக்கம் காட்டும் ஆறு. அருவிக்குக் கீழே ஆறு ஓடும் பட்டோகா பள்ளத்தாக்கில் தண்ணீர் அதிகம், ஆழமும் அதிகம். ஒவ்வொரு ரேபிட் முடிந்ததும் பெரும்பாலும் அமைதியான ஒரு மடு வரும். ரோல் தவறி, படகின் வாயை இடுப்போடு மூடியிருக்கும் ஸ்கர்ட்டை இழுத்து வெளியே வந்தாலும் ஆறு உங்களை அந்த மடுவில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். பாறை நெருக்கமாக உள்ள சிற்றாறுகளில் இந்த வசதி கிடையாது. அக்டோபர், நவம்பரில்தான் நீர்மட்டம் மிகக் குறைவு. அதனால் அருவியடியில் இருக்கும் ‘பாய்லிங் பாட்’ என்ற மடுவிலிருந்தே இறங்கலாம்.

உங்களுக்கு ஒரு சின்ன யோசனை. கவிழ்ந்ததும் அவசரப்பட்டுத் துடுப்பை வீசாதீர்கள். இங்கே அலை ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் அடியின் குழப்பம் அடங்கும்வரை உடலை முன்னால் மடக்கி, துடுப்பைப் படகோடு ஒட்டிப் பிடித்துக் காத்திருந்துவிட்டு எழுந்தால் பெரும்பாலும் எழுந்துவிடலாம். ‘கலிவர்ஸ் டிராவல்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கும் 7ஆம் ரேபிட் மிக நீளமானது. அங்கே மட்டும் நீந்த நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடுவை அடைந்ததும் மிதந்துகொண்டே ஓய்வெடுக்க வேண்டாம். முதலைகள் உண்டு. பெரும்பாலும் சிறியவைதான், ஆனாலும் சீக்கிரம் படகில் ஏறுங்கள், இல்லையென்றால் கரையேறிவிடுங்கள்.

ஒன்பது வேறு மாதிரி. ராஃப்ட் என்ற காற்றடைத்த படகில் ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனிகளே பயணிகளை இறக்கிக் கரையோரமாக நடத்திக் கூட்டிப்போகும் இடம் அது. ‘கமர்ஷியல் சூசைட்’ என்ற பெயரே அதனால் வந்ததுதான். வருடம் முழுக்க அந்த ஆற்றிலேயே பிழைப்பு நடத்தும் வழிகாட்டிகள் நடக்கிற இடத்தில் நீங்கள் நடப்பதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நான் நண்பர்களோடு போயிருந்தபோது ஒன்பதுக்கு மேலே பாறையில் நின்று எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களில் யார் கெட்டிக்காரன் என்று கேட்டால் எல்லோரும் கைகாட்டும் ஆள், வெகுநேரம் பார்த்துவிட்டுப் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கீழே போய், மீட்புக் கயிறு வைத்திருக்கும் த்ரோ பேக்கைத் திறந்து, கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரப்பாறையில் காலை ஊன்றி நின்றான். துடுப்பை அவன் செங்குத்தாக உயர்த்திய பிறகே மேலிருந்து ஒருவர் கிளம்பலாம். படுக்கைவாக்கில் பிடித்தால் நிற்க வேண்டும். எங்களில் ஒருவர் கவிழ்ந்து, படகை விட்டு வெளியே வந்து, சுழலில் சிக்கியபோது அவன் எறிந்த கயிறு முதல் வீச்சிலேயே அவர் தோளுக்குக் குறுக்கே விழுந்தது. கரைக்கு இழுத்துப் போட்டதும் அவர் தலையைத் தட்டிக் காட்டினார். நலமாக இருக்கிறேன் என்பதற்கு ஆற்றில் அதுதான் சைகை.

அன்றைக்கு எங்களில் அதிகம் தேவைப்பட்டவன் நடந்து வந்தவன்தான். நீங்கள் எப்படிப் பாரமாவீர்கள்?

ஒன்பதைவிட உங்கள் நண்பர் சொன்ன வார்த்தைதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தன்னால் முடியாது என்று தெரிந்தும் நண்பர்கள் முகத்துக்காக இறங்குகிறவர்கள் உண்டு. அப்படி இறங்குகிறவன் ஓட்டும்போது அரை மனதோடு ஓட்டுவான், பெரிய தண்ணீரில் அதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. ஆகவே அருவிக்கு அருகிலுள்ள லிவிங்ஸ்டன் ஊர் போய்ச் சேர்ந்த இரவே நால்வரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். யாரும் எந்த ரேபிட்டையும் நடந்து கடக்கலாம், காரணம் கேட்கக் கூடாது. “உன்னால் முடியும், வா” என்ற பேச்சே பாறை மேல் எழக்கூடாது. உங்கள் நண்பர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அவரோடு போகாதீர்கள். இதைக் கடுமையாகச் சொல்வதாகத் தோன்றினாலும் பரவாயில்லை.

அப்புறம் அணை. பட்டோகா அணைத் திட்டம் உண்மைதான். 181 மீட்டர் உயரம், 2,400 மெகாவாட் மின்சாரம் என்பது ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் சேர்ந்து போட்டிருக்கும் கணக்கு. கட்டினால் இந்த ரேபிட்டுகள் நீருக்குள் போகும். எனக்கு அது தாங்க முடியாத இழப்பு. ஆனால் 2024இல் வறட்சி வந்து மின்சாரம் தரும் கரிபா அணையின் நீர்மட்டம் விழுந்தபோது ஜாம்பியா எப்படி இருட்டில் கிடந்தது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள், அந்த மக்களிடம் மின்சாரம் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? ஆற்றை உடனே போய்ப் பாருங்கள், அதில் உங்கள் நண்பரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அதற்காக இந்த அக்டோபரிலேயே ஒன்பதில் இறங்கியாக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றுமில்லை.

கடைசியாக, அக்டோபர் வெயிலில் பள்ளத்தாக்கின் பாறை கொதிக்கும், கரையேறும் பாதையோ செங்குத்து. குடிதண்ணீரை ஏறும்போதைக்கென்று தனியாக மிச்சம் பிடித்து வையுங்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் படகுகளைத் தோளில் சுமந்து அந்தப் பாதையில் அநாயாசமாக ஏறிப்போவார்கள். கூலியை முன்பே பேசி, பணத்தை நனையாத பையில் எடுத்துப் போங்கள்.

அன்புடன்