இருபது கிலோ அரிசியில் எத்தனை நாள் சோம்பேறியாக இருக்கலாம்?

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் காய் பறிக்கவும் மட்டை உரிக்கவும் உள்ளூர் ஆள் ஒருவர்கூட வருவதில்லை. வடக்கத்தி ஆட்களை வைத்துத்தான் ஓட்டுகிறோம். ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே காலையும் மதியமும் சாப்பாடு. பிறகு யார் உழைப்பார்கள்? பசியை ஒழிக்க வேண்டுமானால் வேலையைக் கொடுங்கள், சோற்றைக் கொடுக்காதீர்கள் என்று உங்கள் பத்திரிகை ஏன் எழுதுவதில்லை?
– பெயர் வேண்டாம் என்று குறிப்பிட்டிருக்கும் வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நாலு பேர் உள்ள வீடு, அரிசி அட்டை, மாதம் 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு நோக வேலை செய்கிற வீட்டில் நாளைக்கு ஒன்றரை கிலோவாவது உலையில் விழும். பதின்மூன்றாம் நாள் இரவு சாக்கை உதற வேண்டியதுதான். துவரம்பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர். அவை சும்மா இல்லை, 30 ரூபாயும் 25 ரூபாயும் கொடுக்க வேண்டும். மிச்சம் பதினேழு நாளைக்கு அரிசி, மாதம் முழுக்கக் காய், புளி, மிளகாய், சோப்பு, பஸ் காசு, செல்போன் ரீசார்ஜ், காய்ச்சல் வந்தால் ஊசி. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? அந்த வீட்டில் யாரோ எங்கேயோ உழைக்கிறார்கள். உங்கள் தோப்பில் உழைக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, வேலையைக் கொடு, சோற்றைக் கொடுக்காதே என்கிறீர்கள். இதை ஏற்கனவே ஒருவர் செய்து பார்த்துவிட்டார். 1877இல், நம்முடைய இதே சென்னை மாகாணத்தில்.

அவசரமாக அள்ளிச் சாப்பிடுகிற பையனைப் பார்த்து ‘தாது வருஷப் பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி’ என்று வீட்டுக் கிழவிகள் சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். அந்தத் தாது வருஷம் 1876–77. மழை பொய்த்து, விலை ஏறி, ஜனங்கள் சாலையோரம் விழுந்துகொண்டிருந்தபோது, 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் வைஸ்ராய் லிட்டன் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கிற தர்பாரை நடத்தினார். அதே மாதம் பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்தச் சென்னைக்கு வந்து சேர்ந்தவர் சர் ரிச்சர்டு டெம்பிள். சும்மா போட்டால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள், உடம்பில் தெம்பு உள்ளவன் வேலை செய்துதான் சாப்பிட வேண்டும் என்பது கொள்கை. உங்கள் கடிதத்தின் கடைசி வரியேதான். அவர் நிர்ணயித்த கூலி, ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டுப் பகல் முழுக்கக் கல் உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும்.

மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இந்தத் தீனியில் உழைக்கிற உடம்பு தேய்ந்துதான் போகும் என்று டெம்பிளோடு மல்லுக்கு நின்றார். அவரும் வெள்ளைக்காரர்தான், ஆனால் மருத்துவர். சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கிற பக்கிங்காம் கால்வாய் இருக்கிறதே, அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டு அந்தப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வேலை கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பஞ்சம் முடிந்தபோது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பீடு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூன்று வருடம் முன்னால், 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, பர்மாவிலிருந்து அரிசியை இறக்கி, தாராளமாகக் கொடுத்து, பட்டினிச் சாவு அநேகமாக இல்லாமல் பார்த்துக்கொண்டவரும் இதே டெம்பிள்தான். காசை வாரி இறைத்துவிட்டார் என்று அதற்கு நன்றாகத் திட்டு வாங்கினார். சென்னைக்கு வரும்போது பாடம் படித்துவிட்டு வந்திருந்தார். கெட்டிக்கார மாணவர்.

இனி பள்ளிக்கூடச் சோறு. இது 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக்காரர்கள் தொடங்கி வைத்தது. காமராஜர் 1956இல் மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார். 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். பள்ளிக்கூடத்தைச் சத்திரமாக்குகிறார் என்று அன்றைக்கும் கேலி பேசினார்கள். உங்கள் கேள்விக்கு வயது கொஞ்சம் அதிகம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த ஜூலையில் நான் மூன்றாம் வகுப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அதுவரை வாரத்தில் இரண்டு நாள் வந்தால் பெரிது; மற்ற நாளில் ஆடு மேய்ப்பான். சத்துணவு வந்த வாரத்திலிருந்து தினமும் வந்தான். பையில் அலுமினியத் தட்டு இருக்கும், சிலேட்டு இருந்தால் உண்டு. பதினொரு மணிக்குப் பருப்பு வேகிற வாசம் ஓட்டுக் கூரைக்கு மேலே கிளம்பினதும் அவனுக்கு வாய்ப்பாடு மறந்துபோகும். தட்டில் விழுந்த சோற்றில் பாதியைத் தின்பான். மீதியை இன்னொரு தட்டால் மூடி டவுசர் நாடாவால் கட்டுவான். டீச்சர் ஒருநாள் பிடித்து, ‘எங்கடா கொண்டுபோறே?’ என்று கேட்டதற்கு ‘அப்பத்தாளுக்கு’ என்றான். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. சமைக்கிற அம்மாவிடம் போய் ஏதோ பேசினார். மறுநாள் முதல் அவன் தட்டில் ஒரு கரண்டி கூட விழுந்தது. முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களையும் திட்டத்தில் சேர்த்தது அதற்கு அப்புறம்தான்.

அவன் பத்தாவது வரை படித்தான். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகள் நர்சிங் முடித்திருக்கிறாள். உங்கள் தோப்புக்கு மட்டை உரிக்க வராத உள்ளூர் ஆட்களில் இந்த மாதிரி எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தீர்களா? அவர்கள் சோம்பி வீட்டில் படுத்திருக்கவில்லை. கோயம்புத்தூர் பவுண்டரியிலும் திருப்பூர் தையல் மெஷினிலும் இருக்கிறார்கள். பிள்ளை வயிறு நிறைந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தால் பதினைந்து வருடம் கழித்து மட்டை உரிக்க வரமாட்டான் என்பது வாஸ்தவம். வாழ்க்கைத் தரம் உயர்கிறது என்று பேச்சில் சொல்கிறோமே, தோப்புக்காரர் பக்கமிருந்து பார்த்தால் அது இப்படித்தான் தெரியும்.

ஊரிலேயே இருந்தும் வராதவர்கள் கொஞ்சம் பேர் இருப்பார்கள், மறுக்கவில்லை. அவர்கள் விஷயத்தில் அந்த இருபது கிலோ வேறொரு வேலை செய்கிறது. அரிசிப்பானை காலியாக இருக்கிறவர் நீங்கள் சொன்ன கூலிக்கு வந்துதான் ஆக வேண்டும். பானையில் பத்து நாளைக்கு இருந்தால், ‘இந்தக் கூலிக்குக் கட்டாதுங்க, கூட்டிக் கொடுத்தா வர்றேன்’ என்று சொல்ல வாய் வரும். முன்பெல்லாம் வேலை இல்லாத மாதத்தில் பண்ணை வீட்டில் ஒரு மூட்டை நெல் கடனாக வாங்குவார்கள். அறுவடையில் அதைக் குடும்பத்தோடு உழைத்துக் கழிப்பார்கள். கழியாது, அடுத்த வருடக் கணக்கில் ஏறும். அந்த மூட்டையின் இடத்தில் ரேஷன் மூட்டை வந்து உட்கார்ந்துவிட்டது. பெரிய வீடுகளுக்கு இலவச அரிசி மேல் இருக்கிற கோபத்தில் பாதி இதனால் வருவது என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை.

இதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. ரேஷன் அரிசி வாளையாறு வழியாகக் கேரளாவுக்குப் போவது உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய குறை, வயிறு நிறைவதோடு நிறுத்திக்கொண்டோம். 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் தண்ணிக் குழம்புமாக இருந்தால் வேறு என்ன வரும்? நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் ரேஷனில் 2 கிலோ ராகி கொடுக்கிறார்கள். மற்ற மாவட்டம் என்ன பாவம் செய்தது? பள்ளியில் முட்டை போடுகிறோம், நல்லது. அந்தப் பிள்ளையின் அம்மா முட்டை சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று? இதைக் கேட்டு எழுதியிருந்தீர்களானால் ஒரு பக்கம் கூடுதலாக ஒதுக்கியிருப்பேன்.

காலை உணவைப் பற்றி ஒரே ஒரு சங்கதி. திங்கட்கிழமை காலை பிரேயரில் பிள்ளைகள் மயங்கி விழுவதைப் பார்க்காத பழைய ஆசிரியர் கிடையாது. தண்ணீர் தெளித்து, டீக்கடையிலிருந்து ஒரு பன் வாங்கி வரச் சொல்வார்கள். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரித்த திட்டம் அந்தப் பன்னுக்குப் பதிலாக உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் போடுகிறது. ஆறு வயதுப் பிள்ளையை உழைத்துச் சாப்பிடச் சொல்ல நீங்களும் விரும்பமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கடைசியாக உங்கள் தோப்புச் சாளையில் தங்கியிருக்கிற வடக்கத்தி ஆட்கள். ஊரில் போதிய சோறும் கூலியும் கிடைத்திருந்தால் இரண்டு நாள் ரயில் ஏறி வந்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் சொந்த ஊர் ரேஷன் அட்டை இருந்து, அதில் ஆதார் இணைந்திருந்தால், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவர்கள் தங்கள் பங்கை உங்கள் ஊர் ரேஷன் கடையிலேயே கைரேகை வைத்து வாங்கலாம். தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. நடைமுறையில் மொழி தெரியாமல் கடை வாசலிலிருந்தே திரும்பிவிடுகிறார்கள். ஒருநாள் நீங்கள் கூடப் போய் நின்று வாங்கிக் கொடுங்கள். அப்புறம், அடுத்த கடிதம் எழுதும்போது, காலையில் அவர்கள் என்ன சாப்பிட்டுவிட்டு உங்கள் மரத்தில் ஏறுகிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அதையும் பெயர் இல்லாமலே பிரசுரிக்கிறேன்.