நாற்பத்தொரு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குச் சதவீதம் எதற்கு?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், 33 ஆண்டுகள் ஈராசிரியர் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியை.

கேள்வி: அம்மா, எங்கள் கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் மொத்தம் 41 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். அடைவுத் தேர்வில் போன வருடம் ஐந்தாம் வகுப்பில் 9 பேரில் 8 பேர் தேறினார்கள், 89 சதவீதம். இந்த வருடம் 7 பேரில் 4 பேர்தான், 57 சதவீதம். கொஞ்சம் தள்ளியிருக்கும் பெரிய பள்ளி இரண்டு வருடமும் 75ஐ ஒட்டியே நிற்கிறது. அங்கே கணினி அறையும் உண்டு. என் மகள் மூன்றாம் வகுப்பு. மாற்றிவிடலாமா?

பதில்: 89, 57 என்ற இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். 8 பேர், 4 பேர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 7 பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 14 சதவீதம். தேர்வன்று ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் போதும், பள்ளியின் தரம் 14 புள்ளி சரிந்ததாகத் தாளில் ஏறிவிடும். பெரிய பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் 120 பேர் இருந்தால் அதே காய்ச்சலுக்கு ஒரு புள்ளிகூட முழுசாக இறங்காது. அந்தப் பள்ளி 75இல் ஆடாமல் நிற்பதற்கு அதன் கூட்டமே பெரிய காரணம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அது ஒரே அரிசி, ஒரே உலையில் வெந்தது. பிள்ளைகள் அப்படி வேகுவதில்லை.

ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளியியலாளர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1,662 பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு வாசிப்பு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார். முதல் 50 இடங்களில், மிகச் சிறிய 50 பள்ளிகளைச் சேர்ந்தவை 6 இருந்தன. அளவுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை என்றால் ஒன்றோ இரண்டோதான் வந்திருக்க வேண்டும். கடைசி 50 இடங்களைப் பார்த்தால் அங்கேயும் அந்தச் சிறிய பள்ளிகள் 9. மேல் வரிசையை மட்டும் பார்த்தவர் சிறிய பள்ளிதான் சிறந்தது என்பார். கீழ் வரிசையை மட்டும் பார்த்தவர் அதை மூடிவிடலாம் என்பார். இரண்டு பேரும் பார்ப்பது பெரும்பாலும் எண்ணிக்கை குறைவால் வரும் ஆட்டத்தைத்தான்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பட்டிருக்கிறேன். ஒரு வருடம் என் பள்ளியில் 7 பேர் எழுதினார்கள், 7 பேரும் தேறினார்கள். கூட்டத்தில் மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். அடுத்த வருடம் 8 பேர் எழுதி 5 பேர் தேறினார்கள். விளக்கம் கேட்டு ஓலை வந்தது. உண்மையைச் சொன்னால், சால்வை வாங்கிய வருடத்தைவிட அந்த இரண்டாவது வருடம்தான் நான் நன்றாகப் பாடம் நடத்தினேன். தவறிய மூன்று பேரில் ஒருத்தி, பெற்றோர் வேலை தேடி வெளியூர் போனதால் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கே வரவில்லை. ஒருவனுக்கு இடது காது கேட்காது என்பது ஐந்தாம் வகுப்பில்தான் தெரிந்தது. அது என் தவறு, முன்பே கவனித்திருக்க வேண்டும். மூன்றாமவன் நான்காம் வகுப்பில் வேறு பள்ளியிலிருந்து வந்தபோது எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவன். தேர்வெழுதிய மாதத்தில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படித்தான். தேர்ச்சிப் பட்டியலில் அவனுக்குக் கிடைத்தது ‘இல்லை’ என்ற ஒரு சொல். அந்த விளக்கக் கடிதத்தில் அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். யாராவது படித்தார்களா என்று இன்றுவரை தெரியாது.

அதனால் தலைமையாசிரியரிடம் நீங்கள் சதவீதம் கேட்க வேண்டாம். அந்த 7 பேரும் மூன்றாம் வகுப்பில் எந்த நிலையில் இருந்தார்கள், இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள். 41 பிள்ளைகள் உள்ள பள்ளியில் நல்ல ஆசிரியருக்கு இது நுனிநாக்கில் இருக்கும். பதிவேட்டைத் தேட ஆரம்பித்தால் கொஞ்சம் யோசியுங்கள். எண்தான் வேண்டும் என்றால் ஐந்து வருடத்தைச் சேர்த்துக் கூட்டுங்கள், 40 பிள்ளைகள் அளவுக்கு வருவார்கள். அதிலும் ஆட்டம் இருக்கும், ஆனால் இவ்வளவு இருக்காது. இங்கிருந்து ஆறாம் வகுப்புக்குப் போனவர்களில் எத்தனை பேர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். சிறிய ஊரில் அது ஒரு மாலை நேரத்து வேலைதான்.

பெரிய பள்ளியோடு ஒப்பிடும்போது இன்னொன்று. தினமும் வண்டி வைத்து அனுப்ப முடிந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே போயிருப்பார்கள், முடியாதவர்கள் இங்கே இருப்பார்கள். அமெரிக்காவில் 1966இல் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து வெளிவந்த அறிக்கை, மதிப்பெண் வேறுபாட்டில் குடும்பச் சூழலின் பங்கு பள்ளி வசதியின் பங்கைவிடப் பெரியது என்றது. பள்ளியால் ஒன்றும் ஆகாது என்று அதற்குப் பொருள் இல்லை. யாருடைய பிள்ளைகள் என்று பார்க்காமல் இரண்டு பள்ளிகளைத் தராசில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி வசதி. 41ஐ 2ஆல் வகுத்தால் ஆசிரியருக்கு 20 பிள்ளைகள், காகிதத்தில் அருமையான விகிதம். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும் என்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய பெரிய ஆய்வில், 13 முதல் 17 பேர் இருந்த வகுப்புகள் 22 முதல் 25 பேர் இருந்தவற்றைவிட வாசிப்பிலும் கணக்கிலும் நன்றாகச் செய்தன. ஆனால் அங்கே ஓர் ஆசிரியருக்கு ஒரே வகுப்பு. உங்கள் பள்ளியில் அந்த 20 பேரும் இரண்டு மூன்று வகுப்புகளில் கிடக்கிறார்கள். ஒரு ஆசிரியர் விடுப்பிலோ மாற்றுப்பணியிலோ பயிற்சிக்கோ போனால் அன்று ஒருவருக்கு 41 பேர், ஐந்து வகுப்பு.

ஆகவே நான் முதலில் எண்ணிப் பார்ப்பது நாட்களை. போன வருடம் இரண்டு ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் வகுப்பில் இருந்த நாட்கள் எத்தனை? கணினி அறையைவிட இந்த ஓர் எண் உங்கள் மகளின் படிப்பைப் பற்றி அதிகம் சொல்லும். நூலகம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், புத்தகம் வழங்கிய பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை. அவள் பார்த்திராத இரண்டாம் வகுப்புக் கதை ஒன்றை எடுத்துக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இந்தியக் கிராமங்களில் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ‘அசர்’ ஆய்வில் 2005 முதல் இப்படித்தான் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாகக் காட்டிப் பார்க்கிறார்கள். அவள் படித்துவிட்டால் 57 சதவீதத்துக்காக அவளை இடம் மாற்றாதீர்கள். திணறினால், அது ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரியுமா என்று பாருங்கள். தெரிந்து ஏதாவது செய்துகொண்டிருந்தால் அங்கேயே இருக்கட்டும். தெரியவே தெரியாது என்றால், 41 பேரில் ஒருத்தியை யாரும் கவனிக்கவில்லை என்று பொருள். அப்போது மாற்றலாம் என்று நானே சொல்வேன்.

கேள்வி: நான் இந்த வருடம்தான் ஈராசிரியர் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகள் தொடக்கத்திலேயே தோற்றவர்கள்தானே?

பதில்: இல்லை அம்மா. மூன்று வகுப்புக்கும் மாறி மாறிக் கரும்பலகையில் பாடம் நடத்தினால்தான் தோற்பார்கள். ஒரு வகுப்புக்கு நடத்தும்போது மற்ற இரண்டும் சும்மா உட்கார்ந்திருக்கும். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் தொண்டை கட்டக் கத்தினேன்.

கொலம்பியாவில் 1970களின் நடுவில் விக்கி கோல்பெர்ட் என்ற கல்வியாளர் முதலானோர் இதே மாதிரி கிராமத்துப் பள்ளிகளுக்காக ‘எஸ்குவேலா நுவேவா’, அதாவது ‘புதிய பள்ளி’ என்ற முறையை உருவாக்கினார்கள். பிள்ளைகள் சிறு குழுக்களாக உட்கார்ந்து கற்றல் கையேட்டைப் பார்த்துத் தாங்களே செய்துகொண்டு போவார்கள், ஆசிரியர் குழு குழுவாக வருவார். சில வாரம் வராத பிள்ளை திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம், வருடத்தை இழக்க வேண்டியதில்லை. வெளியூர் போன என் மாணவிக்கு அது கிடைத்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். நாளைக்கே எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். கணக்குப் பாடத்தில் ஒரே ஒரு அலகுக்குச் செயல் அட்டைகள் எழுதிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். யாருக்கு எது புரியவில்லை என்பது அங்கே காதில் விழும்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். ஒருவர் கொஞ்சம் பணம் தருகிறார். திறன் பலகை (ஸ்மார்ட் போர்டு) வாங்கலாமா?

பதில்: கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று முதலில் போய்த் திறந்து பாருங்கள். பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணும் காதும் சோதிக்க ஒரு நாள் ஏற்பாடு செய்யுங்கள். மிச்சப் பணத்தில் கதைப் புத்தகங்கள் வாங்கிப் பூட்டு இல்லாத அலமாரியில், முதல் வகுப்புப் பிள்ளைக்குக் கை எட்டும் உயரத்தில் வையுங்கள்.